விளம்பர ஓவிய நிலையங்கள்: கோவில்பட்டி முதல் தருமபுரி வரை

விளம்பர ஓவிய நிலையம் என்பது பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், பதாகை, அட்டைப் பெட்டி, சீட்டு, நாட்காட்டி, அழைப்பிதழ் முதலியவற்றுக்கு எழுத்தும் உருவமும் அமைத்துத் தரும் சிறு தொழிலகம் ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இவை பெரும்பாலும் உரிமையாளரின் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்து வழங்கப்பட்டன. இன்று அதே பணியைச் செய்யும் இடங்கள் 'கிராபிக்ஸ்', 'டிசைன்ஸ்', 'பிராண்டிங்' என்னும் பெயர்களில் இயங்குகின்றன. தூரிகை போய்க் கணினி வந்தாலும், ஒரு கடைக்கோ பொருளுக்கோ ஊர் நினைவில் நிற்கும் ஒரு முகத்தைத் தருவதே அன்றும் இன்றும் இத்தொழிலின் நோக்கம். இக்கட்டுரை அத்தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது. கோவில்பட்டி தேவி ஆர்ட் ஸ்டுடியோ இதில் முதன்மைச் சான்றாகவும், தருமபுரி மாவட்டம் சிற்றூர்ச் சூழலுக்குச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

எழுத்தும் உருவமும் இணைந்த பழைய மரபு

ஒரே பரப்பில் உருவத்தையும் எழுத்தையும் சேர்த்துச் செய்தி சொல்லும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. பழைய தகடூர் நாடாகிய தருமபுரிப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் ஊர்ப்பூசலிலும் உயிர் நீத்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட இக்கற்களில் வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் இருக்கும். அதையொட்டி வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியவை வெட்டப்பட்டிருக்கும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்கள் பல காட்சிக்கு உள்ளன. எழுத்தறியாதவர் உருவத்தைப் பார்த்து வீரன் இறந்ததை அறிவார். எழுத்தறிந்தவர் அவன் யார், எதற்காக இறந்தான் என்பதையும் அறிவார். இருவகை மக்களுக்கும் ஒரே கல்லில் செய்தி சொல்லும் இந்தத் தேவைதான் பிற்காலத்தில் கடைப்பலகைக்கும் தீப்பெட்டிச் சீட்டுக்கும் ஏற்பட்டது.

அச்சும் 'மார்க்'கும்

வண்ணப் படங்களைப் பெருமளவில் அச்சிடும் வழக்கம் இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் லோணாவளா அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த ஓவியத்தின் படி, குறைந்த விலையில் எளிய வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இம்மாற்றத்தைப் பெரிதாக்கியது சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி பெருகியதும் அதன் மேல் ஒட்டும் சீட்டுகளும் பெருமளவில் தேவைப்பட்டன. சீட்டுக்காக அச்சகங்கள் எழுந்தன. அச்சகங்களுக்குத் தொடர்ந்து வேலை வேண்டுமென்பதால் நாட்காட்டி, பட்டாசுச் சீட்டு, வாழ்த்து அட்டை எனப் பணிகள் விரிந்தன. ஒரு தொழிலின் துணைத் தேவையே மற்றொரு பெருந்தொழிலாக வளர்ந்ததற்குச் சிவகாசி அச்சுத்தொழில் நல்ல எடுத்துக்காட்டு.

அக்காலத்தில் பொருள் வாங்குவோரில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர். அவர்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. சீட்டிலுள்ள படத்தைச் சொல்லிக் கேட்டனர். மயில் போட்டது 'மயில் மார்க்', யானை போட்டது 'யானை மார்க்'. இதனால் 'மார்க்' என்ற சொல்லே தமிழ் வணிகப் பெயர்களின் பகுதியாயிற்று. 1916இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட குளிர்பான நிறுவனத்தின் பெயர் 'காளிமார்க்' என்று நிலைத்தது இதற்குச் சான்று. இன்று 'பிராண்டு' என்று சொல்லப்படுவதைத் தமிழ்க் கடைத்தெரு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே 'மார்க்' என்று அறிந்திருந்தது.

கொண்டையராஜுவும் தேவி ஆர்ட் ஸ்டுடியோவும்

சிறு ஓவிய நிலையம் ஒன்று எத்தனை வகைப் பணிகளைச் செய்தது என்பதை அறிய மிகச் சிறந்த சான்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டியில் இயங்கிய தேவி ஆர்ட் ஸ்டுடியோ ஆகும். இதை நிறுவியவர் சி. கொண்டையராஜு (1898–1976).

கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். துறவு நாட்டம் கொண்ட அவர் சில காலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கினார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை ஓவியராகச் சேர்ந்தார். அரண்மனை, காடு, தெரு, கைலாயம் என்று காட்சிக்கேற்ற பின்னணிகளைப் பெரிய துணிகளில் வரைவது அவர் வேலை. திரைப்படத்தின் வளர்ச்சியால் நாடகக் குழுக்கள் நலிந்த காலம் அது. 1940களில் அவர் இருந்த குழு கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கேதான் ஓவிய நிலையம் உருவாயிற்று.

டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், ராமலிங்கம், சீனிவாசன், செண்பகராமன் முதலியோர் அவரிடம் பயின்ற ஓவியர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். குருவுடன் இருந்து, கண்டும் செய்தும் கற்கும் முறையே அங்கு நிலவியது. கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளாமல், எளிய வாழ்க்கை நடத்தி, மாணவர்களையே குடும்பமாகக் கொண்டிருந்தார்.

நாடகத் திரையில் கற்ற கலை நாட்காட்டிப் படத்துக்கு நேராகப் பயன்பட்டது. நாடகத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் காட்சி தெரிய வேண்டும். ஆகவே முகம் பார்வையாளரை நோக்கியிருக்கும், நகைகள் ஒளிரும், பின்னணியில் ஆழம் தெரியும். கோவில்பட்டி ஓவியர்களின் தெய்வப் படங்களிலும் இதே அமைப்பைக் காணலாம். மீனாட்சி திருக்கல்யாணம், முருகன், இலக்குமி முதலிய படங்கள் சிவகாசியில் அச்சாகித் தென்னிந்திய வீடுகளிலும் கடைகளிலும் இடம்பெற்றன. ஓவியர் பெயரை அறியாத இலட்சக்கணக்கானோர் அவர் வரைந்த முகத்தை நாள்தோறும் வணங்கினர்.

நாட்காட்டிப் படத்துக்கு ஒரு தனி விதி உண்டு. அது ஒரே நேரத்தில் வழிபாட்டுப் படமாகவும் விளம்பரமாகவும் இருக்க வேண்டும். மேலே தெய்வம், கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை எனப் படத்தை வாங்கும் வணிகர் பெயர் அச்சாகும். ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. படத்தைச் சட்டமிட்டு மாட்டத் தோன்ற வேண்டும். அப்போதுதான் கடையின் பெயர் ஓராண்டுக்குப் பிறகும் வீட்டில் நிற்கும். இதனால் ஓவியரின் திறமையே வணிகரின் விளம்பர முதலீட்டுக்கு உறுதியாயிற்று. சிவகாசி நாட்காட்டி நிறுவனங்கள் ஆடிப்பெருக்கு நாளையொட்டி மறு ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகளை வெளியிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கோவில்பட்டி ஓவியங்கள் பலவற்றில் ஆசிரியரின் பெயரும் மாணவரின் பெயரும் சேர்ந்தே காணப்படுகின்றன. தனி ஒருவரின் படைப்பு என்பதைவிட ஒரு நிலையத்தின் படைப்பு என்ற எண்ணமே அங்கு மேலோங்கியிருந்தது.

பலவகைப் பணிகள்

சிற்றூரில் ஒரே வகை வேலையை நம்பி ஓவிய நிலையம் நடத்த முடியாது. பருவத்துக்கேற்ப வேலை மாறும். அவற்றுள் முக்கியமானவை:

பெயர்ப்பலகை: இரும்புத் தகட்டில் துரு பிடிக்காதிருக்க முதலில் செங்காவி நிறப் பூச்சு அடிப்பர். அது காய்ந்தபின் எனாமல் வண்ணத்தில் பின்னணி தீட்டுவர். சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டினால் எழுத்துக்கான கோடு விழும். கை நடுங்காதிருக்க ஒரு கோலை ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவர். கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படும்.

சுவர் விளம்பரம்: சுவருக்கு வெள்ளையடித்து, எட்டத்திலிருந்து பேருந்துப் பயணி படிக்கும் அளவில் எழுதுவர். சிமெண்டு, உரம், விதை, சோப்பு நிறுவனங்களின் விளம்பரங்களே மிகுதி. ஒரே சின்னத்தைப் பல இடங்களில் வரைய வேண்டியிருந்தால் தகட்டில் வெட்டிய அச்சைப் பயன்படுத்துவர்.

பதாகையும் கட்அவுட்டும்: சிறிய நிழற்படத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, அவற்றைப் பெரிய துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களாக்கி உருவத்தை வளர்ப்பர். இம்முறை திரைப்பட விளம்பரத்தில் உச்சம் பெற்றது. 1957இல் வெளியான 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் அமைத்த சிவாஜி கணேசனின் பேருருவக் கட்அவுட் இத்துறையில் பெரிதும் பேசப்படுவது.

நிழற்படப் பணி: கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டுதல், மறைந்தவர்களின் சிறு படத்தைப் பெரிய உருவப்படமாக வரைதல், படப்பிடிப்பு அறைக்குப் பின்திரை வரைதல்.

திரை அச்சு: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடும் முறை. திருமண அழைப்பிதழ், துணிப்பை, சான்றிதழ் முதலியவை இவ்வாறு தயாராகும். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தபின் மஞ்சள் பைக்குத் தேவை கூடியதால், நலிந்திருந்த இந்தப் பணிக்குப் புது வாய்ப்புக் கிடைத்தது.

தருமபுரி மாவட்டச் சூழல்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது, தருமபுரியில் அது 68.54 விழுக்காடு. மாநிலத்தில் இதுவே மிகக் குறைந்த அளவு. ஏறத்தாழ மூவரில் ஒருவர் பலகையைப் படிக்க இயலாத இடத்தில் அதை எழுதுபவரின் பொறுப்பு பெரிது. மருந்துக் கடை, உரக்கடை, பேருந்து வழித்தடம், மருத்துவமனைப் பிரிவு எதுவானாலும் நிறமும் உருவமும் சொல்லுக்குத் துணை நிற்க வேண்டும்.

இதே தேவையை நாடளவில் சந்தித்தது தேர்தல் ஆணையம். 1951–52இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் பெரும்பாலோர் எழுத்தறியாதவர் என்பதால் சின்னங்கள் தேவைப்பட்டன. ஆணையத்தில் வரைவாளராகப் பணியாற்றிய எம். எஸ். சேத்தி இன்றுவரை வழக்கிலுள்ள பல சின்னங்களை வரைந்தவர். அன்றாட வாழ்வில் அனைவரும் அறிந்த மிதிவண்டி, விளக்கு, குடை போன்றவையே சின்னங்களாயின. சிற்றூர் ஓவியர்களுக்குத் தேர்தல் காலம் அறுவடைக் காலம்போல் அமைந்தது. பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், 1990களில் தேர்தல் ஆணையம் காட்டிய கண்டிப்பும் இவ்வருவாயைப் படிப்படியாகக் குறைத்தன.

எழுத்தின் மாற்றங்கள்

எழுத்தே மாறினால் ஓவியரின் கையும் மாற வேண்டும். பெரியார் 1935 முதல் தம் இதழில் பயன்படுத்திவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதுவரை துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்ட லை, ளை, ணை, னை ஆகியவை தனி ஐகாரக் குறியுடன் எழுதப்பட்டன. ணா, றா, னா முதலியனவும் மாறின. இதனால் ஒரு பழைய பலகையில் துதிக்கை வடிவம் இருந்தால், அது பெரும்பாலும் 1978க்கு முந்தியது என்றோ, அம்மரபில் பயின்ற கை எழுதியது என்றோ ஊகிக்கலாம். கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவைக் கொண்டு காலம் கணிப்பதுபோல், கடைத்தெருவின் காலத்தையும் பலகையைக் கொண்டு கணிக்க இயலும்.

கடைப்பலகைகளில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்னும் அரசு விதியும் இத்தொழிலைப் பாதித்தது. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது இதன் நடைமுறை. பத்தடிப் பலகையென்றால் தமிழுக்கு ஐந்தடி, ஆங்கிலத்துக்கு மூன்றடி, பிறமொழிக்கு இரண்டடி என்று கணக்கிடலாம்.

கணினி வந்தபோது சிக்கல் வேறு வடிவில் வந்தது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனிக் குறியீட்டைப் பின்பற்றியதால், ஓர் அச்சகத்தில் தட்டிய செய்தி மற்றோர் அச்சகத்தில் சிதைந்து தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து விசைப்பலகையும் குறியீடும் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய மென்பொருளைப் பயன்படுத்தும் நிலையங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வழக்கில் உள்ளன.

பிளக்ஸின் வருகை

2000க்குப் பின் பிளக்ஸ் எனப்படும் நெகிழிப் பதாகை சிற்றூர்களுக்கும் பரவியது. கையால் எழுதினால் பல நாள் எடுக்கும் பதாகை ஒரு மணி நேரத்தில் அச்சாகி வந்தது. நிழற்படத்தை அப்படியே பெரிதாக்க முடிந்தது, விலையும் குறைந்தது. பிறந்தநாள், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பதாகை வைக்கும் வழக்கம் பெருகியது. தூரிகையை மட்டும் நம்பியிருந்த ஓவியர்கள் வேலை இழந்தனர். சிலர் கணினி கற்று வடிவமைப்பாளராயினர். சிலர் பள்ளிச் சுவர், கோயில், வாகன எண் எழுதும் பணிகளுக்கு ஒதுங்கினர். பலர் தொழிலையே விட்டனர்.

பிளக்ஸின் தீமையும் விரைவில் வெளிப்பட்டது. 2019 செப்டம்பர் 12இல் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைக்கப்பட்டிருந்த பதாகை சரிந்து விழுந்ததில் இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது இளம்பெண் பொறியாளர் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி உயிரிழந்தார். சென்னை உயர்நீதிமன்றம் அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அனுமதியற்ற பதாகைகளை அச்சிட மாட்டோம் என்று அச்சகங்களும் அறிவிப்பு வைக்கத் தொடங்கின. அதுவரை 'வைப்பவர் பொறுப்பு' என்று கருதப்பட்டது, 'அச்சிடுபவருக்கும் பொறுப்பு உண்டு' என்று மாறியது.

இன்றைய பணியும் அதன் பொறுப்பும்

இன்றைய சிறு வரைகலை நிலையம் கடைக்குச் சின்னம், பொருளுக்கு உறை, அழைப்பிதழ், சமூக ஊடகப் படம் என அனைத்தையும் செய்கிறது. தருமபுரி மாவட்டம் கேழ்வரகு, சாமை, புளி, மாம்பழம், தக்காளி ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. சாமையை மூட்டையாக விற்றால் ஒரு விலை. தீட்டி, அரைக் கிலோ உறையில் பெயரிட்டு விற்றால் வேறு விலை. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு உறையைச் சார்ந்தது. ஆகவே வடிவமைப்பு விளைவிப்பவரின் வருவாயோடு தொடர்புடையது.

உறைக்கு அழகு மட்டும் போதாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், சைவ உணவுக்குரிய பச்சைப் புள்ளியும் தேவை. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அச்சிட்ட உறைகள் வீணாகும். இழப்பு பெரும்பாலும் சிறு உற்பத்தியாளரையே சேரும். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்கீழ் சின்னத்தைப் பதிவு செய்வதும், வேறொருவர் சின்னத்தைப் பார்த்து வரையாதிருப்பதும் இன்று ஒவ்வொரு நிலையமும் அறிய வேண்டியவை.

பதிவு செய்யப்பட வேண்டிய வரலாறு

நடுகல்லில் வீரன் பெயர் உண்டு. கல்லை வெட்டியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டின் கடைத்தெருக்களை எழுதியவர்களுள் மிகப் பெரும்பாலோரின் நிலையும் அதுவே. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் படத்தில் பெயர் எழுதியதால்தான் இன்று ஆய்வாளர்களால் அறியப்படுகின்றனர். பெயர்ப்பலகையின் மூலையில் சிறிதாக எழுதப்பட்டிருக்கும் '…ஆர்ட்ஸ்' என்னும் சொல் ஒன்றே மற்றவர்களுக்கு மிஞ்சிய சான்று.

தகட்டுப் பலகைகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. சுவர் எழுத்துகள் புது வண்ணத்துக்குக் கீழே மறைகின்றன. தம் ஊரின் பழைய பலகைகளைப் படமெடுத்து, எழுதியவர் பெயர், ஆண்டு, கடையின் தொழில் ஆகியவற்றைக் குறித்து வைப்பது மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய உள்ளூர் வரலாற்றுப் பணியாகும். எழுதிய கைகள் இன்னும் சில ஊர்களில் உயிரோடு உள்ளன. அவர்களைக் கேட்டுப் பதிவு செய்வதற்கான காலம் நீண்டதன்று.